சோத்தாங்கைத் தையல்

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், இங்கிலாந்தில் மழை ஒழுகும் ஒரு வீட்டில் உட்கார்ந்து தன் தங்கைக்குக் கடிதம் எழுதிய ஒரு பாதிரியார் மனைவியை எனக்குத் தெரியும். அவளுடைய தங்கை மேல் நான் பொறாமைப்பட்டேன். செத்து மண்ணாய்ப் போனவள் மேல் என்ன பொறாமை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவளுக்கு அவளுடைய அக்கா மனதில் இருந்ததையெல்லாம் எழுதினாள். எனக்கு என் அக்கா மழை பெய்ததை எழுதினாள். வேறென்ன வேண்டும் வயிறு எரிவதற்கு?

நான் போடியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல், வேலையில் நிலைக்க வேண்டுமானால் முனைவர் பட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்த மாதிரி விழுந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாதிரியார் வீடுகளில் பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குடும்பக் கடிதங்கள்தான் என் ஆராய்ச்சி. தலைப்பைக் கேட்டதும் மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, பாதிரியாருக்கு ஏது பொண்டாட்டி என்று கேட்டாள். அந்தச் சபையில் கல்யாணம் உண்டு, எட்டுப் பத்துப் பிள்ளைகள்கூட உண்டு, வருமானம்தான் கிடையாது என்று அரைமணி நேரம் விளக்கினேன். "அப்ப நம்மள மாதிரிதானக்கா" என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். நான் ஆறு வருஷம் எழுதியதை அவள் ஒரு வரியில் முடித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் சொன்னது தப்பும் இல்லை. அந்தக் கடிதங்களில் கடவுள் எப்போதாவதுதான் வருவார். பெரும்பாலும் வீடுதான். படிப்பறைக் கூரை ஒழுகி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எழுதிய தாளெல்லாம் நனைந்து போகும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு என்பதால் ஒரு விவசாயி பன்றிக்குட்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவான். அது போதகர் ஐயாவின் செருப்பைத் தின்னும். மூன்று வருஷம் உடுத்திய கவுனைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்து, மூத்தவளுக்குப் புது உடுப்பு என்று போட்டுவிடுவார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் நெருக்கி நெருக்கி எழுதுவார்கள். அந்தக் காலத்தில் கடிதத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியது வாங்குகிறவர். தாள் கூடினால் கூலியும் கூடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கடிதம் யார் பேருக்கு வந்தாலும் அதைக் கணப்படுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். மாமியார் இருப்பாள், மைத்துனர் இருப்பார், வேலைக்காரப் பெண் கதவோரம் நிற்பாள். அதனால் எழுதுகிறவள் எல்லோர் காதுக்கும் ஏற்றபடிதான் எழுதுவாள். மனதில் உள்ளதைத் தனியாக ஒரு துண்டுத் தாளில் எழுதி, தொப்பிக்குள்ளோ தைக்கக் கொடுத்தனுப்பும் துணிக்குள்ளோ சொருகிவிடுவாள். அந்தத் துண்டுத் தாளின் அடியில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். வாசித்ததும் நெருப்பில் போட்டுவிடு.

நெருப்பில் போட்டிருந்தால் எனக்கு ஏது பட்டம்? போடாமல் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய தங்கைமார்களை நான் கும்பிட்டேன். அக்கா சொல்லை மீறிய மகராசிகள் நல்லா இருக்கணும் என்று ஒருநாள் வகுப்பிலேயே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இப்போது என் அக்கா. ஆறு வயது மூத்தவள். எங்களுக்கு அம்மாவும் அப்பாவும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அத்தான் போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை தாண்டி, ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். அக்கா அங்கே காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை பார்க்கிறாள். அவர்கள் வீடு இரண்டு மலைக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. போன் பேச வேண்டுமானால் அரைமணி நேரம் மேடேறி ஒரு பாறையில் நிற்க வேண்டும். இந்தக் காலத்திலும் அக்கா கடிதம் எழுதுகிறாள் என்றால் அதற்கு அந்தப் பள்ளம்தான் காரணம்.

போடியிலிருந்து தினமும் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்புகளில் ஒன்று அக்கா தோட்டத்துக்குப் போகிறது. சனிக்கிழமை அது திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு மஞ்சப்பை வரும். கொஞ்சம் மிளகு, ரெண்டு சீப்பு பழம், ஒரு கடிதம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜீப் ஸ்டாண்டில் போய் நான்தான் வாங்கி வருவேன். திங்கள்கிழமை காலையில் என் பை மேலே போகும். அதில் மாத்திரை, வாரப் பத்திரிகை, அத்தானுக்குக் கைலி. நான் கடிதம் எழுதியதில்லை. நேரம் எங்கே இருந்தது? ஊர் உலகத்துக் கடிதமெல்லாம் வாசிக்க வேண்டியிருந்தது.

அக்கா கடிதம் வந்தால் நான் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசிப்பேன். என் வீட்டுக்காரர், கொழுந்தனார், ஓரகத்தி, எல்லோரும் டீயோடு உட்கார்ந்து கேட்பார்கள். பாதிரியார் வீடு மாதிரியே என்று எனக்கு அதில் ஒரு பெருமை. அக்கா எழுத்து அப்படி இருக்கும். ஒரு தடவை அத்தானோடு சண்டை போட்டு, மூன்று நாள் அவர் பேசாததால், குழம்பில் இரண்டு மடங்கு உப்பைப் போட்டுவிட்டாளாம். வாயைத் திறந்து உப்பு என்றாவது சொல்வார் என்று பார்த்தாளாம். மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டு, தட்டை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாராம். வாசித்து முடிக்கும் முன் என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, அக்காவின் கடிதம் மாறிவிட்டது. மழை நல்ல மழை. காய் பழுக்கிறது. அனைவரும் நலம். நீங்கள் நலமா. ரேடியோவில் வானிலை வாசிக்கிற மாதிரி வாரா வாரம் அதையே எழுதினாள். அக்காவுக்கு வயதாகிறது, எழுதச் சலிப்பு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, அக்கா வழுக்குப் பாதையில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு எங்கள் வீட்டில் இருபது நாள் இருந்தாள். அப்போது நான் நாலாவது அத்தியாயத்தில் இருந்தேன். காலையில் கல்லூரி, சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால். அக்காவைத் தூக்கி உட்காரவைத்தது, தலை சீவியது, கால்மாட்டில் உட்கார்ந்து பேசியது எல்லாம் ஓரகத்தி. அவள் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஒரு ஏலக்காய் கோடவுனில் காய் பொறுக்கப் போகிறாள். அந்த இருபது நாளும் வேலைக்கு லீவு போட்டாள். அடுத்த அறையிலிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன் என்று ஒருநாள் எழுந்து போய்ச் சொன்னேன். மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் சத்தமே கேட்கவில்லை.

அக்கா மலையேறின பிறகு மஞ்சப்பையில் இன்னொரு சின்னப் பொட்டலமும் வர ஆரம்பித்தது. பழைய சேலைத் துணியில் சுற்றி, சணலால் வாயைத் தைத்து, மேலே பேனாவில் 'மாடிக்கு' என்று எழுதியிருக்கும். ஸ்டோரில் மூட்டைக்கு வாய் தைத்துத் தைத்து அக்காவுக்கு அது பழக்கம். ஜீப்பில் என்ன கொடுத்தனுப்பினாலும் கோணி ஊசியால் நாலு தையல் போடாமல் விடமாட்டாள். பொட்டலத்துக்குள் கிராம்போ, பட்டையோ, ஒரு கைப்பிடி நெல்லிக்காயோ இருக்கும். ஓரகத்தி என்னிடமே அள்ளிக் கொடுப்பாள். ஆனால் அதைப் பிரிக்க மட்டும் மாடிக்குப் போய்விடுவாள்.

மற்றவர்களாக இருந்தால் நெல்லிக்காய் என்றே நினைத்திருப்பார்கள். நான் தொப்பிக்குள் துண்டுத் தாள் தேடிப் பட்டம் வாங்கப் போகிறவள். முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வருவது கூடத்துக் கடிதம். அவளுக்குப் போவது துண்டுத் தாள்.

பொறாமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவள் நான் இருக்கிறேன். நேற்று வந்தவளுக்கு என்ன எழுதுகிறாள்? அவளுக்கு எழுத்தின் அருமை தெரியுமா? வாரா வாரம் பொட்டலத்தைத் தடவிப் பார்த்து, உள்ளே தாள் நெரிகிற சத்தம் கேட்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பேன். கேட்கும். மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பத்து நிமிஷம் கழித்து மேலே ஒரு சிரிப்புச் சத்தம் வரும். நான் கீழே பாத்திரத்தை ஓங்கி வைப்பேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உனக்கு வேணும்னா நீயும் ஒரு லெட்டர் போடு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசம் வைக்கவில்லை.

ஆறு மாசம் பொறுத்தேன். அந்தச் சனிக்கிழமை வீட்டில் யாரும் இல்லை. ஓரகத்தி கோடவுனிலிருந்து வர ஏழு மணியாகும். என் கையில் பொட்டலம், மேஜையில் கத்தரி. பாதிரியார் வீட்டுத் தாளெல்லாம் பிறத்தியார் வீட்டுத் தாள்தானே, அதை ஆறு வருஷமாக வாசிக்கவில்லையா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நாலு தையலையும் வெட்டினேன்.

உள்ளே ஒரு கைப்பிடி கிராம்பு. கிராம்புக்கு நடுவில் நாலாக மடித்த தாள். அதில் இப்படி இருந்தது.

"தங்கச்சி, கால் இப்பத் தேவல. ஏத்தத்துல மட்டும் பிடிச்சுக்கிருது. இவரு இப்பப் பேசுறாரு. காலையில டீ போட்டுக் குடுக்குறாரு, சீனி போட மறந்துர்றாரு. நான் சொல்றதில்ல. சொன்னா டீயும் நின்னுரும். பக்கத்து வீட்டுச் சேச்சி தன் கோழிய நரி தூக்கிருச்சுன்னு ரெண்டு நாளா அழுகுது. கோழி எங்க வீட்டுப் பரண்ல அடைகாத்துக்கிட்டு இருக்கு. குஞ்சு பொரியட்டும், கூட்டமாக் கொண்டுபோய்க் குடுப்போம்னு வாய மூடிக்கிட்டு இருக்கேன். பாவமாவும் இருக்கு, சிரிப்பாவும் இருக்கு."

ஆறு வருஷம் நூலகத்திலும் கம்ப்யூட்டரிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேனே, இந்த மாதிரி ஒரு கடிதம் எனக்கு அகப்படவில்லை. செருப்பைத் தின்ற பன்றிக்குட்டி இந்தக் கோழிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. நான் நின்றபடியே சிரித்தேன். சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பினேன்.

"அவகிட்ட எதுவும் சொல்லிக்கிராத. அவ மேல கோவம் இல்ல, பயம். அவகிட்டச் சொன்னா ஒருநா மைக்குல சொல்லிருவா. உப்புக் கதைய அவ மதுரையில வாசிச்சா, இவரு பூப்பாறை டீக்கடையில கேட்டாரு. மூணு மாசம் எங்கூடப் பேசல. நானும் கால ஒடச்சிக்கிட்டு அங்க வந்து கெடந்தேன், அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவளுக்கு என்ன, வெள்ளைக்காரிக லெட்டரே அவளுக்குப் போதும்."

தாளை மேஜையில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தி, இன்னொரு தடவை வாசித்தேன்.

மதுரையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்தது உண்மை. பாதிரியார் வீட்டுக் கடிதம் இன்றும் நம் மலையில் உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்காக, அக்காவின் உப்புக் கடிதத்தை மைக்கில் முழுசாக வாசித்தேன். பெயர் சொல்லவில்லை. ஏலமலையில் இருக்கும் என் சொந்த அக்கா என்று மட்டும் சொன்னேன், அதையும் பெருமையாகச் சொன்னேன். அரங்கமே சிரித்தது. அன்றைக்கு எனக்குத்தான் அதிகக் கைதட்டல். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி அந்த மலைக்காரி, பக்கத்துத் தோட்டத்து முதலாளி வீட்டுப் பெண். அவள் லீவுக்குப் போன இடத்தில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்தில் அத்தான் டீக்கடைக்குப் போனால், உப்புப் போதுமா சாரே என்று கேட்கும்படி ஆகிவிட்டது. இதெல்லாம் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்கா கடிதம் மழையாக மாறியது எப்போது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரைக்கு அடுத்த மாசம். அக்காவுக்கு வயதானது காரணமில்லை. நான்தான் காரணம். ஊரார் வீட்டுத் துண்டுத் தாளையெல்லாம் மதிக்கத் தெரிந்த எனக்கு, என் அக்கா எழுதியது கூடத்துக்கா எனக்கா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

இவ்வளவு புரிந்தும் புத்தி வந்ததா? இல்லை. மணி ஆறேமுக்கால். தாளை மடித்துக் கிராம்புக்குள் வைத்தேன். என் வீட்டுக்காரர் குழாய், மருந்தடிக்கும் மிஷின் எல்லாம் விற்கிறவர். வீட்டில் சணலுக்கும் கோணி ஊசிக்கும் பஞ்சமில்லை. பழைய ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்து, அக்கா போட்டிருந்த மாதிரியே நாலு தையல் போட்டேன். பாதிரியார் வீட்டுக் கடிதத்தின் மெழுகு முத்திரையை உடைத்தால் காட்டிக்கொடுத்துவிடும், சணல் என்ன சொல்லப் போகிறது என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு ஓரகத்தி வந்தாள். பொட்டலத்தை நீட்டினேன். மாடிப்படியில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். பொட்டலத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாளெல்லாம் பச்சைக் காய்க்கும் வெளுத்த காய்க்கும் வித்தியாசம் பார்க்கிற கண் அது.

"பெரியக்கா பீச்சாங்கைலல்லக்கா தைக்கும்" என்றாள். "அது தையல் இடப்பக்கம் சாஞ்சிருக்கும். இது சோத்தாங்கைத் தையலு."

என் அக்கா இடதுகைக்காரி. சின்ன வயதில் அந்தக் கையாலேயே என் தலையில் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறேன். அது எனக்கு ஞாபகம் வரவில்லை, இருபது நாள் பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. "நான் பெரியக்காகிட்டச் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள். அவள் அவ்வளவு நல்லவளாக இருந்தது எனக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதினேன். அக்காவுக்கு நான் எழுதும் முதல் கடிதம். முதல் தடவை இரண்டு பக்கம் வந்தது, வாசித்தால் என் ஆராய்ச்சி முன்னுரை மாதிரி இருந்தது. கிழித்தேன். இரண்டாவது தடவை ஓரகத்தியைப் பற்றிக் குறை சொல்லியே ஒரு பக்கம் போய்விட்டது. அதையும் கிழித்தேன். கடைசியில் ஐந்து வரி. மாடிக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். வாசித்தேன். மதுரையில் நான் செய்தது தப்பு, உன்னைக் கேட்காமல் செய்தது அதைவிடத் தப்பு. நீ அவளுக்கு எழுதுகிறாய் என்ற பொறாமையில்தான் பிரித்தேன். அது இன்னும் போகவில்லை. திங்கள்கிழமை காலையில் மாத்திரைக்கு நடுவில் வைத்து, நானும் பை வாயைத் தைத்து ஜீப்பில் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பை வரவில்லை. மேலே லோடு அதிகமா என்று ஜீப்புக்கார அண்ணனிடம் கேட்டேன். உங்க அக்கா இந்த வாரம் எதுவும் குடுக்கல என்றார். வெறுங்கையோடு நடந்து வந்தேன். ஓரகத்தி வாசலில் நின்றிருந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கும் என்னால் அந்த வாரம் பொட்டலம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பை வந்தது. பழம், மிளகு, கூடத்துக் கடிதம். மழை நல்ல மழை, அனைவரும் நலம். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடியில் மாடிக்கு ஒரு பொட்டலம். அதன் வாய் தைக்கவில்லை. சும்மா மடித்து வைத்திருந்தது. மடிப்பு விலகி, உள்ளே தாளின் ஓரம் வெளியே தெரிந்தது.

என் அக்கா ஒரு பொட்டலத்தை வாய் தைக்காமல் அனுப்பி நான் பார்த்ததே இல்லை. வாசிக்கணும்னா வாசிச்சுக்கோ, நான் என்ன தைத்து என்ன என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது. இதைவிட அவள் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன். கோழி குஞ்சு பொரித்ததா என்று தெரியாமல் எனக்கு உயிர் போனது. ஏழு மணிவரை காத்திருந்தால் கை நீண்டுவிடும் என்று பயந்து, கொழுந்தனார் முன்னால் வைத்துவிட்டு வருவோமென்று உடனே மாடிக்குக் கொண்டுபோனேன். பதினான்கு படி. தாளின் ஓரத்தைப் பார்க்காமல் இருக்க, வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

அன்று ஏழேகாலுக்கு மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெகுநேரம் சிரித்தாள். குஞ்சு பொரித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் அப்படியே, வாய் தைக்காத பொட்டலம். மூன்று வாரமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன். திங்கள்கிழமைதோறும் நானும் ஒரு கடிதம் வைத்தேன். கல்லூரியில் ஒரு பையன் தூக்கத்தில் குறட்டை விட்டது, ரசம் வைக்காமல் விட்டது, நாலாவது அத்தியாயத்தில் இருந்தபோது அக்கா பக்கத்தில் ஒருநாள்கூட உட்காராமல் போனது என்று மனதில் வந்ததையெல்லாம் எழுதினேன். பதில் மழையாகவே வந்தது.

நாலாவது சனிக்கிழமை பை கனமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தேன். இரண்டு பொட்டலம். ஒன்றில் 'மாடிக்கு' என்று இருந்தது. மற்றதில் 'சின்னவளுக்கு' என்று இருந்தது. அக்கா என்னைச் சின்னவளே என்றுதான் கூப்பிடுவாள். இரண்டுக்கும் வாய் தைத்திருந்தது. என்னுடையதில் தையலை எண்ணினேன். ஏழு. ஏழும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினேன். நெல்லிக்காய்க்கு நடுவில் தாள். இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் திருப்பித் திருப்பி எழுதியிருந்தாள். உட்கார்ந்து வாசித்தேன். அழுதேன், நடுவில் ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்தும்விட்டேன். கடைசி வரிக்கு வந்தேன்.

"வாசிச்சிட்டு அடுப்புல போட்டுரு."

இந்த வரியை நான் எத்தனை கடிதத்தில் பார்த்திருப்பேன். அதன் கீழே எத்தனை தடவை கோடு போட்டிருப்பேன். போடாத தங்கைகளை எத்தனை தடவை வாழ்த்தியிருப்பேன். என் மேஜையில் பிளாஸ்டிக் கவரெல்லாம் தயாராக இருக்கிறது, தேதி எழுதி உள்ளே போட வேண்டியதுதான் பாக்கி. நான் கண்ட கடிதங்களிலேயே நல்ல கடிதம் இது, வேறு எவளுக்கும் கிடைக்காதது, என் பேருக்கு வந்தது. மூன்று தடவை வாசித்தேன். பிறகு காஸ் அடுப்பைப் பற்றவைத்து, தாளின் ஒரு முனையைக் காட்டினேன். பாதி எரிந்தபோது கை தானாகப் பின்னால் வந்தது. திரும்ப நீட்டினேன். சாம்பலைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

ஓரகத்தி வேலையிலிருந்து வந்தவள் அடுப்படி வாசலில் நின்று, என்னக்கா தாள் கருகுற வாசம் என்றாள். மேஜையில் கிடந்த நெல்லிக்காயைப் பார்த்தாள். வெட்டிய சணலைப் பார்த்தாள். பிறகு அதில் தொங்கிய தையலைப் பார்த்தாள். அவள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் மாடிக்குப் போகாமல் நின்றாள்.

"பெரியக்கா உங்களுக்கு என்னக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"மழையாம்" என்றேன்.

அவள் முகம் ஒரு நொடி சுண்டிப்போனது. பொய் சொல்வானேன், எனக்கு அது இனித்தது.